கடைசிக் கையில் சேரும் வரி

கரிசல் மண்ணுக்கும் சக்கரத்துக்கும் எந்நாளும் ஆகாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நிலம், ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் களியாகி வண்டியின் ஆரக்கால்வரை ஏறிப் பிடித்துக்கொள்ளும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களில் பருத்தி ஏற்றிய கட்டை வண்டிகளை மழைக்காலம் முடக்கிப் போட்டது இதனால்தான். 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை வந்து, கோவில்பட்டி அதில் ஒரு நிலையமான பின்பும், காட்டுக்கும் ரயிலடிக்கும் நடுவில் இருந்த தொலைவை மாட்டு வண்டியே கடக்க வேண்டியிருந்தது. சரளை கொட்டி இறுக்கிய சாலை இப்பகுதிக்கு எவ்வளவு பெரிய வரம் என்பதை வெளியூர்க்காரர்கள் எளிதில் உணர முடியாது.

அந்தச் சாலைக்கான காசை யார் கொடுப்பது என்ற கேள்வியும் சாலையோடு கூடவே வந்துவிட்டது. பழைய, புகை கக்கும் வண்டிகளுக்குத் தனிக்கட்டணம் விதிப்பது ஏழைகளின் தலையில் கைவைப்பதாகாதா என்று இன்று கேட்கிறார்கள். அதன் வேர் அந்தப் பழைய கேள்வியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எனவே நூறாண்டு பின்னே சென்று தொடங்கலாம்.

சென்னை மாகாணத்தில் ஸ்தல ஸ்தாபனங்கள் சாலைகளில் சுங்கச்சாவடி அமைத்துக் கடந்து செல்லும் வண்டிகளிடம் காசு வாங்கிவந்தன. இதைத் தவிர, 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் சொத்துவரி, தொழில்வரி ஆகியவற்றோடு வண்டிகளின் மீதும் வரி போட நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. மோட்டார் வாகனங்கள் பெருகத் தொடங்கியதும் ஒரு வழக்கு எழுந்தது. மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஒடுங்கிய இரும்புப் பட்டை சாலையை அறுத்துவிடுகிறது என்றனர் மோட்டாரின் பக்கம் நின்றவர்கள். வேகமாக ஓடும் ரப்பர் சக்கரம் சரளைக்கு நடுவில் இருக்கும் மண்ணை உறிஞ்சியெடுத்துச் சாலையைக் கலைத்துவிடுகிறது என்றது மறுதரப்பு. இரண்டுமே உண்மை. இரும்புச் சக்கரத்துக்கென்று போடப்பட்ட சாலையில் ரப்பர் சக்கரம் ஏறியபோது, சேதத்துக்குப் பொறுப்பு யார் என்று பிரித்துச் சொல்வது கடினமாயிற்று.

1927இல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் அமைந்த இந்தியச் சாலை மேம்பாட்டுக் குழு இந்தச் சிக்கலை ஆராய்ந்தது. அதன் பரிந்துரையை ஒட்டி 1929 முதல் பெட்ரோலுக்குக் காலனுக்கு 2 அணா கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டு, அந்தப் பணம் சாலைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. இந்தத் தீர்வையில் ஒரு நுட்பம் உண்டு. அதிகம் ஓட்டுகிறவன் அதிகம் கொடுப்பான். கொட்டகையில் நிறுத்தி வைத்திருப்பவன் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. பயன்பாட்டைத் தானே அளந்துகொள்ளும் வரி அது. 1931இல் சென்னை மாகாணம் தன் மோட்டார் வாகன வரிச் சட்டத்தை இயற்றியது. சுங்கச்சாவடிகள் நீங்கின. சாவடி வருமானத்தை இழந்த ஸ்தல ஸ்தாபனங்களுக்கு மோட்டார் வரியிலிருந்து ஈடு வழங்கப்பட்டது.

அன்றைய சட்டங்களில் இரண்டு நியாயங்கள் ஒன்றாக வேலை செய்தன. சாலையைத் தேய்ப்பவன் தேய்மானத்துக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. சரக்கு வண்டிக்கு எடையும் பேருந்துக்கு இருக்கை எண்ணிக்கையும் வரியின் அளவுகோல்களாக அமைந்த மரபு இதிலிருந்து வந்தது. கொடுக்க முடிந்தவனிடம் வாங்க வேண்டும் என்பது மற்றொன்று. வண்டியின் வயது இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. காற்றடைத்த டயர் பூட்டிய மாட்டு வண்டி சாலைக்கு நல்லது, மாட்டுக்கும் நல்லது என்று தெரிந்த பிறகும் இரும்புப் பட்டைச் சக்கரங்கள் பல பத்தாண்டுகள் உருண்டன. டயர் சக்கரம் வாங்கக் காசில்லாத சம்சாரி பழைய சக்கரத்தோடு காலம் தள்ளினான். அதற்காக அவனுடைய சக்கரத்தின் வயதைக் கேட்டுத் தண்டம் போட யாருக்கும் தோன்றவில்லை.

வயது அளவுகோலாக வந்தது காற்றின் பொருட்டு. இந்தியாவில் புதிய வாகனங்களுக்கான புகை வரம்புகள் 1991இல் பெட்ரோல் வண்டிகளுக்கும் 1992இல் டீசல் வண்டிகளுக்கும் முதலில் வந்தன. தமிழ்நாடு தன் 1974ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டத்தில் 2003இல் பசுமை வரியைச் சேர்த்தது. 15 ஆண்டு கடந்த சொந்த உபயோக இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டுக்கு 500 ரூபாய், காருக்கு ஐந்தாண்டுக்கு 1,000 ரூபாய் என்று அது நெடுங்காலம் இருந்தது. வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிகளுக்கு 7 ஆண்டு முடிந்ததுமே ஆண்டுதோறும் வரி உண்டு. இதன் மேல் மத்திய அரசின் கட்டணங்கள் ஏறின. 2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. இருசக்கர வாகனத்துக்கு 300 என்பது 1,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000, இருசக்கர வாகனத்துக்கு 2,000 என்று மேலும் உயர்த்தப்பட்டது.

இது ஏழைகளுக்கு அநீதியா? எடுத்த எடுப்பில் ஆம் என்று சொல்லிவிடுவது எளிது. சற்று நிதானிக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் கார், ஜீப், வேன் வைத்திருந்தவை 4.7 சதவீதம் மட்டுமே. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், மொபெட் வைத்திருந்தவை 21 சதவீதம். மிதிவண்டி 44.8 சதவீதக் குடும்பங்களில் இருந்தது. இதன் பிறகு எண்ணிக்கைகள் கூடியிருந்தாலும், கார் என்பது இந்நாட்டு ஏழையின் உடைமை அல்ல. காருக்கு விதிக்கும் கட்டணத்தை ஏழையின் பெயரைச் சொல்லி எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் தம் கொட்டகையில் நிற்கும் இரண்டாவது காருக்காகவே வாதாடுகிறார்கள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்கு வரும் பெண்ணிடம் கார் இல்லை. ஆலை வேனுக்கோ நகரப் பேருந்துக்கோ சாலையோரம் நின்று காத்திருக்கும் அவள் முகத்தில்தான் கடந்து போகும் வண்டிகளின் புகை படிகிறது. தெருவில் கடை போட்டவரும், ஆட்டோ ஓட்டுநரும், சைக்கிளில் போகிறவரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிரூட்டிக்குள் ஒதுங்க முடியாதவர்கள். புகையைக் கட்டுப்படுத்தாமல் விடுவதும் ஏழையின் மேல் விதிக்கப்படும் ஒரு வரிதான். அது நுரையீரலில் வசூலாகிறது.

பழைய வண்டிகள் அதிகம் புகைக்கின்றன என்பதிலும் ஐயமில்லை. 2021 ஜனவரியில் பசுமை வரிக்கான யோசனையை வெளியிட்டபோது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு கணக்கைச் சொன்னது. 2000ஆம் ஆண்டுக்கு முன் தயாரான வண்டிகள் மொத்த வண்டிகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் வாகன மாசில் ஏறத்தாழ 15 சதவீதம் அவற்றிலிருந்து வருகிறது. இப்படியிருக்க, அவற்றுக்குக் கட்டணமே கூடாது என்று வாதிட முடியாது.

ஆகவே, கட்டணம் வேண்டுமா என்பதைக் காட்டிலும் கட்டணத்தை எதைக்கொண்டு அளக்கிறோம் என்பதே ஆராயத்தக்கது. வயதைக்கொண்டு அளக்கும்போது என்ன நேர்கிறது என்பதைக் கோவில்பட்டி போன்ற ஊரிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

ஒரு சரக்கு வண்டியின் வாழ்க்கையைப் பின்தொடர்வோம். 2005இல் சந்தைக்கு வந்த டாட்டா ஏஸ் என்ற சிறு சரக்கு வண்டியைத் தமிழ்நாடு குட்டியானை என்று பெயர் சூட்டி ஏற்றுக்கொண்டது. கரிசல் ஊர்களில் தீப்பெட்டிப் பண்டலும், கடலை மிட்டாய்ப் பெட்டியும், தண்ணீர்க் குடங்களும், கல்யாண வீட்டுப் பாத்திரங்களும் அதில்தான் போகின்றன. இத்தகைய வண்டி பலமுறை கைமாறும். புதிதாக வாங்குபவர் கடன் கிடைக்கும் தகுதி உடையவர். அவர் சில ஆண்டு ஓட்டிவிட்டு விற்பார். இரண்டாவது கை, மூன்றாவது கை என்று வண்டி ஒவ்வொரு முறையும் இன்னும் சிறிய ஊருக்கும் இன்னும் மெலிந்த மடிக்கும் இறங்கும். 15 ஆண்டு முடியும்போது அதை வைத்திருப்பவர் பெரும்பாலும் ஓட்டுநராகவே இருந்து, முதன்முதலாகச் சொந்த வண்டி என்று ஒன்றைப் பார்த்தவர். 2022 முதல் அப்படிப்பட்ட இலகு ரகச் சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று பெற, எஃப்.சி. என்று எல்லோரும் சொல்வதற்கு, 7,500 ரூபாய். இது ஆண்டுதோறும். 2025 நவம்பரில் 20 ஆண்டு கடந்த இலகு ரக வண்டிக்கு இது 15,000 ஆகவும், கனரக வண்டிக்கு 25,000 ஆகவும் உயர்ந்தது.

சொந்த உபயோக இருசக்கர வாகனத்தின் சுமையை இதனோடு ஒப்பிடலாம். ஐந்தாண்டுக்கு 1,000 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணம், நெடுங்காலம் இருந்த விகிதப்படி 500 ரூபாய் பசுமை வரி என்றால் ஆண்டுக்கு 300 ரூபாய். வலிக்கும், ஆனால் முதுகை முறிக்காது. முதுகை முறிப்பது பிழைப்புக்கான வண்டியின் மேல் விழுவதுதான். வண்டி தன் வாழ்நாளில் கக்கிய புகையின் பயனை முதல் கையும் இரண்டாவது கையும் அனுபவித்துவிட்டுப் போய்விட்டன. கணக்குத் தீர்க்கும் சீட்டு கடைசிக் கைக்கு வருகிறது.

இதில் அரசின் பங்கும் உண்டு. புகை வரம்புகளை இந்தியா ஒரே நாளில் நாடு முழுவதற்கும் கொண்டுவரவில்லை. நான்கு சக்கர வண்டிகளுக்கான பாரத் 3 வரம்பு 2005 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் அது வந்தது 2010இல். பாரத் 4 வரம்பு 2010இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு வந்தது. கோவில்பட்டி போன்ற ஊர்களுக்கு வர 2017 ஏப்ரல் ஆயிற்று. அதற்கேற்ற தூய எரிபொருளை எல்லா இடங்களுக்கும் ஒரே சமயத்தில் வழங்க இயலாது என்பது காரணம். காரணம் உண்மையாக இருக்கலாம். விளைவு என்னவென்றால், ஒரே ஆண்டில் சென்னையில் விற்க முடியாத புகை வண்டியைக் கரிசல் காட்டு ஊரில் சட்டப்படி விற்கலாம். அரசே பதிவுசெய்து, வரியும் வாங்கிக்கொண்டு, சாலையில் விட்டது. 15 ஆண்டு கழித்து, ஏன் இப்படிப்பட்ட வண்டியை வைத்திருக்கிறாய் என்று அதே அரசு கேட்கிறது.

2017இல் நடந்தது இன்னொரு சான்று. ஏப்ரல் 1 முதல் பாரத் 3 வண்டிகளை விற்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அப்போது நாட்டில் விற்காமல் தேங்கியிருந்தவை 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். அவற்றில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்கள். எஞ்சியிருந்த இரண்டு நாட்களில் விலையைத் தாறுமாறாகக் குறைத்து விற்றுத் தள்ளினார்கள். வண்டி விலை எட்டாமல் இருந்தவர்கள் முண்டியடித்து வாங்கினார்கள். 2032இல் அந்த வண்டிகளுக்கு 15 வயது நிறையும். அன்று தள்ளிவிட்டவர்களிடம் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை.

தில்லியின் வரலாறு இதையே பெரிய அளவில் காட்டுகிறது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் பழைய ஆட்டோக்களையும் டாக்சிகளையும் மாற்றவும், 2001 மார்ச் 31க்குள் பேருந்துகள் அனைத்தையும் இயற்கை எரிவாயுவுக்குக் கொண்டுவரவும் ஆணையிட்டது. கெடு வந்தபோது போதிய பேருந்துகள் மாறியிருக்கவில்லை. எரிவாயு நிலையங்களும் போதவில்லை. 2001 ஏப்ரலில் பேருந்தை நம்பியவர்கள் நிறுத்தங்களில் காத்துக் கிடந்தார்கள். தனியார் கார்களை அந்த ஆணை எரிவாயுவுக்கு மாறச் சொல்லவில்லை. 2002 ஏப்ரல் 5 அன்று, டீசலில் ஓடும் பேருந்து ஒன்றுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம், 30 நாள் கழிந்தால் 1,000 ரூபாய் என்று நீதிமன்றம் விதித்தது. ஆட்டோக்களின் எண்ணிக்கையை 1997இலேயே நீதிமன்றம் உறையவைத்திருந்தது. அதனால் பெர்மிட் அரிய சரக்காகி, வட்டிக்குப் பணம் கொடுப்பவர்களின் பிடி ஓட்டுநர்கள் மேல் இறுகியது. 2011இல்தான் உச்சவரம்பு ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. அதே சமயம் டீசல் பேருந்துகளின் கரும்புகை தில்லித் தெருக்களிலிருந்து குறைந்தது. அந்தத் தெருக்களிலேயே வாழ்ந்தவர்கள் அதனால் பயனடைந்தார்கள். நன்மை எல்லோருக்கும் பொதுவாகவும், செலவு சிலருடைய தலையிலும் விழுந்தது. செலவைப் பங்கிடுவதைப் பற்றிப் போதிய அளவு பேசாததுதான் குறை.

அண்மையில் அங்கே நடந்ததும் கவனிக்கத்தக்கது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் எரிபொருள் வழங்கக் கூடாது என்ற ஏற்பாடு 2025 ஜூலை 1 அன்று தொடங்கி, மக்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பாரத் 4 வரம்புக்கும் அதற்கு மேலும் உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. வயதிலிருந்து புகை வரம்புக்கு அளவுகோல் நகர்ந்திருக்கிறது.

லண்டனில் தொடக்கத்திலேயே புகை வரம்புதான் அளவுகோல். 2019இல் நகரின் மையத்தில் தொடங்கிய மிகக் குறைந்த மாசு மண்டலம் 2023 ஆகஸ்டில் மாநகரம் முழுவதற்கும் விரிந்தது. வரம்புக்கு உட்படாத கார் ஓடும் நாளுக்கு 12.50 பவுண்டு, ஓடாத நாளுக்கு ஒன்றுமில்லை. ஈழத்தமிழர் பலர் வாழும் ஹாரோ உள்ளிட்ட புறநகர் மன்றங்கள் இந்த விரிவாக்கத்தை எதிர்த்து வழக்காடித் தோற்றன. வாதங்களில் ஒன்றாக இருந்தது, பழைய காரைக் கழிப்பவர்களுக்கு மாநகரம் வழங்கிய உதவித்தொகை. முதலில் அரசு உதவி பெறும் குறைந்த வருவாயினருக்கு உரித்தாக இருந்த தொகை, எதிர்ப்பு வலுத்த பின் லண்டன்வாசிகள் எல்லோருக்குமானது. அங்கே 40 ஆண்டு கடந்த வரலாற்று வண்டிகளுக்கு விலக்கும் உண்டு. இந்தியாவிலும் 2021இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்த கார் பாரம்பரிய வண்டியாகிவிடும். 20 வயதில் கழிவு, 50 வயதில் கலைப்பொருள். இடைப்பட்ட 30 ஆண்டைக் கடத்திக் கொடுக்கும் வசதி யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாவது இதுதான். புகைக்குக் கட்டணம் நியாயம். வயதுக்குக் கட்டணம் நியாயத்தின் குறுக்குவழி. 15 வயதான மாருதி 800க்கும், அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள அதே வயதுக் காருக்கும், இரண்டும் உள்நாட்டில் தயாரானவை என்றால், புதுப்பிப்புக் கட்டணம் ஒன்றுதான். நாள் முழுதும் ஓடும் 14 வயது டீசல் காருக்கு இந்தக் கட்டணங்கள் இல்லை. வாரச் சந்தைக்கு மட்டும் போய்வரும் 16 வயது வேனுக்கு உண்டு. வண்டியின் புகையை அளக்கும் சான்று முறை நம்மிடம் இருக்கவே இருக்கிறது. அதன் ஓட்டைகளை அடைத்து, வண்டி எந்த வரம்பில் தயாரானது, எவ்வளவு ஓடுகிறது என்பவற்றோடு சேர்த்துக் கட்டணத்தை நிர்ணயிப்பது கணினிக் காலத்தில் இயலாத காரியமல்ல. 1929இன் பெட்ரோல் தீர்வை அன்றே பயன்பாட்டை அளந்தது.

வாங்கிய பணம் எங்கே போகிறது என்பது அடுத்தது. 2021இன் மத்திய யோசனை, பசுமை வரியைத் தனிக் கணக்கில் வைத்து மாசைக் குறைக்கவே செலவிட வேண்டும் என்றது. அந்தக் கருத்து புதியதல்ல. 1931இல் சாவடிகளை மூடியவர்கள் மோட்டார் வரியில் ஒரு பங்கை ஊர்களுக்கே ஈடாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய வண்டியைக் கழித்தால் புதிய வண்டியின் வரியில் சலுகை என்பது இன்றைய திட்டம். புதிய வண்டி வாங்கக் கூடியவனுக்குத்தான் அதன் முழுப் பலன். மூன்றாவது கையாக வாங்கியவனுக்கு வேண்டியது, இன்னொரு பழைய, ஆனால் புகை குறைந்த வண்டியை வாங்கச் சிறு கடன். வண்டியே இல்லாதவளுக்கு வேண்டியது பேருந்து. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். பசுமை வரியின் பணம் அந்தப் பேருந்து இன்னும் நான்கு கிராமங்களுக்குப் போய்வரச் செலவானால், புகையைச் சுவாசித்தவர்களிடமே அது திரும்பிச் சேரும்.

கரிசல் காட்டில் அன்று சாவடியில் நின்ற வண்டிக்காரன் கொடுத்த காசு, தான் நடக்கும் சாலைக்குப் போகிறது என்றாவது நம்ப முடிந்தது. அலுவலக ஜன்னலில் எஃப்.சி. கட்டணம் செலுத்தும் இன்றைய குட்டியானைக்காரருக்கும் அந்த நம்பிக்கையைத் தர வேண்டும். அதைத் தராதவரை, காற்றைக் காப்பாற்றுகிறோம் என்று நாம் சொல்வதை அவர் அபராதம் என்றுதான் கேட்பார்.